வாயில் மணி

வருவோர் தம் வரவை அறிவித்து வாயிலில் நிற்பதும், உள்ளிருப்போர் அதனை உணர்ந்து எதிர்சென்று வரவேற்பதும் தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டு வரும் பண்புகளாகும். விருந்தோம்பலுக்கெனத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். முறை வேண்டி வருவோர் அசைத்தற்பொருட்டு மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டினான் என்னும் கதை யாவரும் அறிந்ததே.

கோவிற்பட்டியைச் சூழ்ந்த கரிசற் சீமையிலும் மணியைப் பற்றிய செய்தியொன்று வழங்குகிறது. பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட வீரபாண்டிய கட்டபொம்மன், திருச்செந்தூரில் முருகனுக்கு உச்சிக்கால வழிபாடு நிறைவேறிய பின்னரே உணவு கொள்வான் என்றும், அவ்வேளையை அறிதற்காக வழிநெடுக மண்டபங்கள் எழுப்பி மணிகள் அமைத்தான் என்றும் கூறுவர். ஒரு மணியின் ஓசை கேட்டு அடுத்த மணி ஒலிக்கும். இவ்வாறு செய்தி பல கல் தொலைவு செல்லும். அன்று மாந்தர் கைமாற்றி அனுப்பிய அழைப்பை இன்று மெல்லிய செப்புக் கம்பி ஒரு நொடியில் கொண்டு சேர்க்கிறது.

கம்பியில் மின்சாரம் பாயும்பொழுது அதனருகே காந்தவிசை தோன்றுவதை டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் 1820-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். 1831-இல் அமெரிக்க அறிஞர் ஜோசப் ஹென்றி, ஒரு மைல் நீளக் கம்பியின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். 1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நெல்லைச் சீமையில் மின்வசதி பெருக அது துணைபுரிந்தது.

பழைய அழைப்பு மணியினுள் இரும்புத் துண்டொன்றின்மீது செப்புக் கம்பிச் சுருள் சுற்றப்பட்டிருக்கும். வாயிற் பொத்தானை அழுத்தியதும் சுருளில் மின்சாரம் பாய, அவ்விரும்பு காந்தமாகிச் சிறு சுத்தியலை இழுக்கும். சுத்தியல் கிண்ணத்தில் மோதி ஒலியெழுப்பும். அவ்வசைவினாலேயே மின்தொடர்பு அறுபடும், காந்தவிசை நீங்கும், வில் சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளும். உடனே தொடர்பு மீண்டும் ஏற்படும். இவ்வாறு தொடர்பு அறுந்தும் பொருந்தியும் வருவதால் மணி இடைவிடாது ஒலிக்கிறது.

தொடர்பு அறுபடுந்தோறும் சிறு தீப்பொறி எழுவதால், அம்முனை நாளடைவில் கரிந்துவிடும். கோடைக்காற்று அள்ளிவரும் புழுதியும் அதன்மேற் படியும். கம்பிகளின் இரப்பர் உறை உலர்ந்து வெடிக்கும். அந்நிலையில் மணியை மாற்றுவதே தக்கது. ஊமையான மணியால் வரும் கேடு சிறிது. உறை வெடித்த கம்பியால் வரும் கேடு பெரிது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் நனைந்திருக்கும்போது, பொத்தானைத் தொடும் விருந்தினர் மின்னதிர்ச்சிக்கு ஆளாகலாம். வரவேற்க வேண்டிய வாயிலே உயிருக்கு இறுதியாகிவிடக் கூடாதன்றோ?

மணியை மாற்றும் பணி மின்பணி கற்றோர்க்கு உரியது. மாணவர் அருகிருந்து காணலாம்; கம்பியைத் தொடலாகாது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். மணிக்குரிய சுவிட்சை மட்டும் நிறுத்துதல் போதாது. பழைய வீடுகளில் அது நியூட்ரல் கம்பியில் பொருத்தப்பட்டிருத்தலும் உண்டு. அப்போது மணி ஒலிக்காவிடினும் அதனுள் மின்சாரம் நின்றுகொண்டேயிருக்கும். ஆதலின், நன்கு எரிகிறதென முன்னரே சோதித்தறிந்த டெஸ்டரால் ஒவ்வொரு கம்பியையும் தொட்டு, மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்தல் வேண்டும்.

பின்னர்ப் பழைய மணியைக் கழற்றி, பழுதான கம்பிகளையும் நீக்குவர். ஃபேஸ் கம்பி முதலில் பொத்தானுக்கும், அங்கிருந்து மணிக்கும் செல்ல வேண்டும்; நியூட்ரல் கம்பி நேரே மணியைச் சேர வேண்டும். இவ்வாறு இணைத்தால் பொத்தானை அழுத்தும்போது மட்டுமே மணிக்கு மின்சாரம் செல்லும். புதிய மணி 230 வோல்ட்டுக்கு உரியதா என்பதையும் நோக்குதல் வேண்டும். பொத்தானை மழைச்சாரல் படாத இடத்திலும், சிறுவர்க்கும் எட்டும் உயரத்திலும் அமைப்பது நன்று.

இக்காலத்து மணிகளுள் ஒருவகை, அழுத்தும்போது 'டிங்' எனவும், விடும்போது 'டாங்' எனவும் ஒலிக்கும். சுருளினுள் ஓடும் இரும்புக் கோல் ஒரு பக்கத் தகட்டில் முதலிலும், வில்லால் தள்ளப்பட்டு மறுபக்கத் தகட்டில் பின்னரும் மோதுவதே அதற்குக் காரணம். கம்பியின்றி வானொலி அலையால் இயங்கும் மணிகளும் உள்ளன. அவற்றின் பொத்தானில் சிறு மின்கலமே இருத்தலால் வாயிலில் அச்சமில்லை. செவிப்புலன் குன்றியோர் வாழும் இல்லங்களில், ஒலியோடு விளக்கும் ஒளிரும் மணியைப் பொருத்தலாம்.

மணியை மாற்றும் வேளையில், எர்த் எனப்படும் நிலத்தொடர்பையும் ஆராய்தல் அறிவுடைமை. கோடையில் மண் வறண்டால் மின்சாரம் நிலத்தினுள் எளிதில் இறங்காது. ஆகவே, அக்குழிக்கு அவ்வப்போது நீர் ஊற்றுதல் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் காப்புக் கருவியும் வீட்டில் இருத்தல் நலம்.

அழைப்பு மணி சிறு பொருளே. ஆயினும், அறிமுகமில்லாதவரும் அஞ்சாது கைவைக்கும் பொருள் அது. அந்நம்பிக்கைக்கு ஊறு நேராமற் காப்பது இல்லத்தார் கடமையாகும்.