குடி பெயர்ந்தால் கோயிலும் பெயரும்

கோயிலில்லாத ஊரில் குடிபுகலாகாது என்பது தமிழரின் தொன்மையான எண்ணம். கங்காணிமாரின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கிய தோட்டப் பாட்டாளிகளும் அவ்வெண்ணத்தைக் கைவிட்டாரில்லை. கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூர்த் தோட்டங்களிலும் காடழித்துப் பால்மரம் நட்ட கைகளே, லயங்களின் அருகே கல்லையும் சூலத்தையும் நட்டு மாரியம்மனாகவும் முனீஸ்வரராகவும் வணங்கின.

பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் தொடங்கியது. அத்தோட்டத்தின் பெயரே தமிழ். ஆயினும் நிலம் தமிழருடையதன்று. வீடும் கோயிலும் முதலாளியின் நிலத்திலேயே நின்றன.

தோட்டத் துண்டாடலால் மக்கள் அல்லலுற்ற காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தோட்டங்களை வாங்க வழிகண்டார். எனினும் எல்லாத் தோட்டங்களையும் காக்க இயலவில்லை. புக்கிட் தாகார், மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டிற்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தமை நாடறிந்த செய்தி.

மனிதர் மூட்டை கட்டிக்கொண்டு புறப்படலாம். தெய்வத்தை அவ்வாறு எடுத்துச் செல்லுதல் கூடாது. மூலவரின் அருட்சக்தியைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்திற்கு மாற்றிப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்வர். புதிய இடத்தில் திருப்பணி நிறைவுற்றபின் கும்பாபிஷேகமும், தொடர்ந்து 48 நாள் மண்டலாபிஷேகமும் நடைபெறும். காவல் தெய்வங்களுக்குப் பழைய இடத்துப் பிடிமண்ணை எடுத்துவந்து புதிய பீடத்தில் இடுவதும் மரபு. பாட்டன் வியர்வை சிந்திய மண் பேரனின் ஊரிலும் வணங்கப்பெறுகிறது.

ஆனால் சடங்கு மட்டும் கோயிலைக் காவாது. நிலவுரிமை இல்லாத கோயில், எத்துணை அழகிய கோபுரம் எழுப்பினும், மற்றொரு நாள் மீண்டும் பெயர நேரும். வீட்டு மனைக்கான பேச்சு நடக்கும்போதே கோயில் மனைக்கும் இடம் கேட்டல் வேண்டும். கால்கோள் விழாவுக்கு முன்னரே நிலப்பட்டாவும் கட்டட அனுமதியும் கைக்கு வருதல் வேண்டும். ஆலய நிருவாகத்தார் ஆற்றவேண்டிய முதல் திருப்பணி இதுவே.

தோட்டம் மறைந்த பின்னும் தீமிதிக்கும் பால்குடத்திற்கும் சிதறிய குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. அவர்களை அழைப்பது அம்மனின் திருவிழா மணியே. அம்மணி ஒலிக்கும் இடம் அவளுக்கே சொந்தமாகுமாயின், நூறாண்டுப் பயணம் அன்றுதான் நிறைவுறும்.