ஆயிலுக்குள் இறங்கிய தண்ணீர்

சம்பாவுக்குச் சேடை ஓட்ட வேண்டிய டிராக்டர் பொன்னேரிப் பக்கம் ஒரு பட்டறையில் மூன்று நாளாக நின்றது. இருபத்தைந்து வயதைத் தாண்டிய வண்டி. தினமும் ரேடியேட்டரில் அரைச் சொம்புத் தண்ணீர் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை என்றார் வண்டிக்காரர். மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தார். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால், கன்னங்கரேலென்று இருக்க வேண்டியது பால் கூடுதலாக ஊற்றிய டீ மாதிரி இருந்தது.

காணாமல் போன தண்ணீர் அகப்பட்டுவிட்டது. எந்த வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. வார்ப்பிரும்புக்குள் கண்ணால் பார்க்க முடியாத ஒரு பாதையை, பிரிப்பதற்கு முன்பே யோசித்துக் கண்டுபிடிக்கும் கலை இது. நம் ஊர் மெக்கானிக்குகள் இதைத் தினமும் செய்கிறார்கள். அதற்குள் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

முதலில் அந்த நிறம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது பழமொழி அளவுக்குப் பழகிய உண்மை. ஆனால் எஞ்சினுக்குள் கிராங்க் நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் சுற்று சுற்றிக் கடைகிறது. தண்ணீர் பொடிப்பொடித் துளிகளாக உடைகிறது. புகைக்கரியை மிதக்கவிட எஞ்சின் ஆயிலில் சேர்த்திருக்கும் சோப்பு போன்ற சரக்கு, அந்தத் துளிகளையும் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு துளியும் தன்மேல் படும் வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. பால் வெண்மையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்: அங்கே தண்ணீருக்குள் கொழுப்புத் துளி, இங்கே ஆயிலுக்குள் தண்ணீர்த் துளி.

நிறத்தைப் பார்த்ததுமே ஹெட்டைக் கழற்றிவிடக் கூடாது. பழைய டிராக்டர்களின் சைலன்சர் வானத்தைப் பார்த்து நிற்கிறது. மூடாமல் மழையில் விட்டால், திறந்திருக்கும் வால்வு வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலந்துவிடும். களத்து மேட்டில் நிற்கும் வண்டிகளின் சைலன்சரில் தகர டப்பாவைக் கவிழ்த்து வைப்பது அதற்காகத்தான். மழைத் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் குறையாது. இந்த வண்டியில் குறைகிறது.

சந்தேகத்தைத் தீர்க்கப் பட்டறையிலேயே இரண்டு சோதனைகள் உண்டு. வண்டியை ராத்திரி முழுக்க அசையாமல் நிறுத்திவிட்டு, காலையில் ஆயில் வடிக்கும் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துவது ஒன்று. தண்ணீர் ஆயிலைவிடக் கனம். பிரிந்தது எல்லாம் அடியில் தங்கியிருக்கும், ஆகவே முதலில் அதுதான் வரும். தண்ணீர் கொஞ்சமாக இருந்து முழுக்கக் கலந்துபோயிருந்தால் இரண்டாவது சோதனை: நன்றாகக் காய்ந்த இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு ஆயில். தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும், ஆயில் அந்தச் சூட்டில் அசையாது. உள்ளே சிக்கிய துளிகள் ஆவியாகி வெடித்துக் கிளம்ப, கடுகு தாளிக்கிற மாதிரி சடசடக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு தண்ணீரைக்கூட இந்தச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

ரயில்வே டீசல் ஷெட்டுகளில் இதே வேலைக்கு ஆய்வுக்கூடமே இருக்கிறது. தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் போனாலும், அதில் கரைந்திருந்த கூலண்டின் சோடியமும் போரானும் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் மாதிரியை மின்பொறியில் எரித்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய நிறத்தில் ஒளிர்கிறது. உலை பொங்கி உப்புத் தண்ணீர் கேஸ் அடுப்பில் விழும்போது நீலத் தீ மஞ்சளாகிறதே, அதே சோடியம்தான். அதை எண்ணால் அளக்கிறார்கள், அவ்வளவுதான்.

இனி வழி. இங்கே துப்புச் சொல்வது அழுத்தம். எஞ்சின் ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 40 பவுண்டு. பழைய ரேடியேட்டர் மூடி தாங்குவது ஏழு பவுண்டு அளவு. சிலிண்டருக்குள் டீசல் எரியும் கணத்தில் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். ஹெட் கேஸ்கட் சிலிண்டர் பக்கம் போயிருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழ் குமிழாக வரும். ஆயில் ஓடும் துளைக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவே விரிசல் என்றால், ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும், ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் மிதக்கும். எஞ்சினை நிறுத்தியதும் ஆயில் அழுத்தம் சட்டென்று பூஜ்யமாகிறது. சூடான தண்ணீரின் அழுத்தம் மட்டும் மிஞ்சி நிற்கிறது. அப்போது திசை மாறித் தண்ணீர் ஆயிலுக்குள் கசியும்.

இந்த வண்டியில் குமிழ் இல்லை, எண்ணெய்ப் படலமும் இல்லை. வெட் லைனர் எஞ்சின் வேறு. சிலிண்டர் குழாயின் வெளிப்பக்கத்தைத் தண்ணீர் நேராகத் தொடும். அடியில் ரப்பர் ஓரிங்குகள்தான் தண்ணீரைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆக சந்தேகம் லைனர் மேல் திரும்பியது. ஓரிங் இறுகித் தேய்ந்திருக்கலாம். இல்லையென்றால் லைனரிலேயே ஓட்டை விழுந்திருக்கலாம்.

கனத்த இரும்பில் ஓட்டை விழுமா? விழும், அதுவும் வெறும் குமிழால். ஒவ்வொரு முறை டீசல் எரியும்போதும் பிஸ்டன் லைனரின் ஒரு பக்கத்தை அறைகிறது. லைனர் மணி மாதிரி அதிர்கிறது. அதன் சுவர் தண்ணீரை விட்டு விலகும் கணத்தில் அங்கே நீராவிக் குமிழ்கள் பிறக்கின்றன. திரும்பி வரும் கணத்தில் நசுங்கிப் போகின்றன. நசுங்கும் இடத்தில் எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்பதைக் கப்பல்களின் சுழல்விசிறிகள் அரிக்கப்பட்டதை ஒட்டி 1917இல் ராலே பிரபு கணக்கிட்டார். இரும்பையே பொத்தலிடும் அழுத்தம் அது. பல ஆயிரம் மணி நேரம் இப்படி நடந்தால் லைனரின் வெளிச்சுவரில் அம்மைத் தழும்பு போல் குழிகள் விழுந்து, அதில் ஒன்று ஊசித் துளையாக உள்ளே திறந்துவிடும். நல்ல கூலண்டில் உள்ள நைட்ரைட் போன்ற சரக்கு இரும்பின் மேல் மெல்லிய காப்பு ஒன்றைப் போட்டு இதைத் தடுக்கிறது.

நம் பக்கத்துப் பழைய வண்டிகளில் கூலண்ட் எங்கே ஊற்றினோம்? போர் தண்ணீர்தான். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து பல பத்தாண்டுகளாகச் சென்னைக்கும் ஆலைகளுக்கும் நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டது. வயலுக்கும் அதே நீர்தான். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நன்னீர் மட்டம் இறங்க இறங்க, மீஞ்சூர்ப் பக்கம் கடல் நிலத்துக்கடியில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துவிட்டது. அந்தக் கடல் உப்பிலுள்ள குளோரைடு இரும்பின் காப்பைக் கிழிக்கும். சுண்ணாம்புச் சத்து இன்னொரு விதமாகக் கெடுக்கும். சர்க்கரை சூட்டில் கூடுதலாகக் கரையும், இது நேர்மாறு. எந்த இடம் அதிகம் கொதிக்கிறதோ அங்கே போய்ப் படியும். எஞ்சினில் அந்த இடம் ஹெட்டில், எக்சாஸ்ட் வால்வைச் சுற்றி. படிந்த பாறைக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. குளிர வேண்டிய இடமே போர்வை போர்த்திக்கொண்டால் ஹெட் வெடிக்காமல் என்ன செய்யும்? வீட்டு ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க வேண்டாமே என்று ரேடியேட்டரில் ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உப்பெல்லாம் திரண்டிருப்பது அதில்தான். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

ஓட்டினால் தண்ணீர் ஆவியாகி ஆயில் தானே சரியாகிவிடாதா என்று வண்டிக்காரர் கேட்டார். நிறம் ஓரளவு திரும்பலாம். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் ஆயில் நிற்பது முடியின் பருமனில் ஒரு சிறு பங்குதான். அந்த இடுக்கில் ஒரு தண்ணீர்த் துளி மாட்டினால் உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடும். அப்புறம் கிராங்கையே லேத்தில் கடைய வேண்டியிருக்கும். கைமீறிப் போனால் கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கும் உலைக்குத்தான் பிளாக் போகும்.

அன்று சாயங்காலம் மெக்கானிக் ஆயிலை வடித்துவிட்டு, அடியிலிருந்து ஆயில் தங்கும் சம்ப்பை இறக்கினார். லைனர்களின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காயவைத்தார். ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பி, மூடி இருந்த வாயில் கைப்பம்பைப் பொருத்தி ஏழு பவுண்டு காற்று ஏற்றினார். எஞ்சினுக்கு அடியில் தினத்தந்தித் தாளை அகல விரித்து, நாலு மூலையிலும் ஸ்பேனரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலையில் தாளில் ஒரே ஒரு ஈர வட்டம், இரண்டாவது சிலிண்டருக்கு நேர் கீழே. டார்ச் அடித்து அண்ணாந்து பார்த்தோம். ஓரிங் வரிசை உலர்ந்திருந்தது. லைனரின் உள்சுவரில், பிஸ்டன் அறையும் பக்கத்தில், குண்டூசித் தலை அளவு ஒரு சொட்டு திரண்டு, மினுங்கி, கீழே விழுந்தது. அடுத்த சொட்டு திரள ஒரு நிமிடம் ஆயிற்று.