காவல் வளர்ந்தும் அச்சம் தீரவில்லை

2021 ஜூலை 14 அன்று, பாகிஸ்தானின் வடக்கே மேல் கோஹிஸ்தான் மாவட்டத்தில், தாசு அணைக்கட்டு வேலைக்குச் சென்றுகொண்டிருந்த பஸ் ஒன்று வெடியில் சிக்கிப் பள்ளத்தில் உருண்டது. மாண்டவர் 13 பேர். அவர்களில் 9 பேர் சீனர். இயந்திரக் கோளாறு என்று முதலில் சொன்ன சர்க்கார், தற்கொலைத் தாக்குதல்தான் என்று பின்னர் ஒப்புக்கொண்டது. 2024 மார்ச் 26 அன்று, தாசுவுக்குப் போகும் அதே சாலையில், பெஷாம் அருகே 5 சீனரும் அவர்களுடைய பாகிஸ்தானியச் சாரதியும் அவ்விதமே கொல்லப்பட்டனர்.

இவர்களைக் காக்க ஆளில்லை என்று சொல்வதற்கில்லை. சீனாவின் காஷ்கரிலிருந்து அரபிக் கடலோரக் குவாதர் துறைமுகம்வரை செல்லும் பொருளாதாரப் பாதைக்கு 2015 ஏப்ரலில் 4,600 கோடி டாலர் மூலதனம் அறிவிக்கப்பட்டது. அதற்கென்றே சுமார் 15,000 பேர் கொண்ட தனிப் படைப்பிரிவும் ஏற்பட்டது. பாதையைச் சேர்ந்த மின் நிலையங்களின் காவலுக்காக, மூலதனச் செலவில் ஆண்டுதோறும் 1 விழுக்காட்டை மின்கட்டணத்தில் சேர்த்துக்கொள்ள 2017-இல் அனுமதி தரப்பட்டது. அதாவது, விளக்கேற்றும் ஏழைக் குடியானவனும் அந்தக் காவலுக்குப் பணம் கட்டுகிறான்!

வடக்கே தொல்லை தருவோர் வேறு; தெற்கே பலுசிஸ்தானில் ஆயுதம் ஏந்தியிருக்கும் பிரிவினையாளர் வேறு. தெற்கின் கசப்பு பழையது. அம்மாகாணத்தின் சூயி என்னுமிடத்தில் 1952-இல் எரிவாயு கிடைத்தது. பிற மாகாணங்களில் அடுப்பெரிந்தது. மாகாணத் தலைநகரான குவெட்டாவுக்கு அது வந்து சேர்ந்தது 1980களில்தான். ஆகவே, துறைமுகத்தால் வளம் பெருகும் என்ற பேச்சைக் குவாதர்வாசிகள் எளிதில் நம்பவில்லை. (இத்துறைமுகத்தை 2007 முதல் 2013 வரை நடத்தியது நம் சிங்கப்பூர் நிறுவனமே என்பது பலருக்கு மறந்திருக்கும். அதன் பிறகே சீன நிறுவனத்தின் கைக்கு அது மாறியது.)

இங்கேதான் சிக்கல் முற்றுகிறது. 2020 டிசம்பரில், பந்தோபஸ்துக்கென்று ஊரைச் சுற்றி வேலி போடத் தொடங்கினார்கள். எதிர்ப்பு கிளம்பவே நிறுத்தினார்கள். மறு ஆண்டு மீனவர்கள் பெருந்திரளாக மறியலில் அமர்ந்தபோது, இழுவைப் படகுகள் தங்கள் மீனை வாரிச் செல்வதைத் தடுக்க வேண்டும், தேவையற்ற சோதனைச் சாவடிகளை அகற்ற வேண்டும் என்று கேட்டார்கள். அவர்கள் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்லர். சொந்த ஊரில் கடலுக்குப் போகிறவனை நிறுத்தி, "நீ யார்?" என்று கேட்டால் அவனுக்கு ஆத்திரம் வராதா? அயலாரைக் காக்க வைத்த சாவடியே உள்ளூராரைப் பகைக்கச் செய்கிறது. பகை வளர்ந்தால் மேலும் ஒரு சாவடி.

அணை கட்டுவோர் மட்டுமே குறியென்றும் இல்லை. 2022 ஏப்ரலில் கராச்சி பல்கலைக்கழகத்தில் பலுசிப் பிரிவினையாளரின் குண்டுக்குப் பலியான 3 சீனர் மொழி கற்பித்த ஆசிரியர்கள். 2024 அக்டோபரில் கராச்சி விமான நிலையத்தின் அருகே மேலும் 2 சீனர் மாண்டபின், தன் காவலரையே அனுப்பச் சீனா விரும்புவதாகவும், பாகிஸ்தான் அதற்கு இசையவில்லை என்றும் செய்திகள் வெளியாயின. உள்நாட்டுச் சிப்பாயின் சோதனையையே பொறுக்காத குவாதர் மீனவன், அயல்நாட்டுச் சிப்பாயின் முன் நிற்கச் சம்மதிப்பானா என்பதை யாரும் அவனிடம் கேட்டதாகத் தெரியவில்லை.