கேட்டால் வரும் தமிழ்ப் புத்தகம்

பிழைப்புத் தேடி வெளிமாநிலம் வந்தவர்களுக்கு ஒரு கவலை உண்டு. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை அப்பாதான் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

படிக்கப் புத்தகம் எங்கே என்று கேட்கலாம். கொல்கத்தா தேசிய நூலகத்தில் தமிழுக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது. பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை சேர்த்து வைத்த நூல்களும் சுவடிகளும் அங்குதான் உள்ளன.

1954-ம் ஆண்டுச் சட்டப்படி, நாட்டில் எந்த மொழியில் புத்தகம் வெளிவந்தாலும், 30 நாட்களுக்குள் பதிப்பாளர் தம் செலவில் அங்கு ஒரு பிரதி அனுப்பவேண்டும். சென்னை கன்னிமரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கும் இந்த உரிமை உண்டு.

ஆனால் வேலை முடிந்து களைத்து வருபவருக்குத் தெருக்கோடி நூலகம்தானே வசதி? அங்கே தமிழ் அலமாரி தானாக வராது. யார் வருகிறார்கள், எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் நூலகர் புத்தகம் வாங்குவார்.

வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கேற்ற நூல் கிடைக்கவேண்டும் என்று 1931-ல் விதி வகுத்தவர், சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அந்த விதியைச் சொல்லியே கேட்கலாம்.

பத்துக் குடும்பங்கள் உறுப்பினராகட்டும். வேண்டிய தமிழ் நூல்களைப் பட்டியலிட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு மனு கொடுக்கட்டும். புத்தகம் வந்தபின் அதை எடுத்துப் படிக்கவும் வேண்டும். தூசி படியும் அலமாரிக்கு அடுத்த ஆண்டு பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட அழைத்துச் செல்லுங்கள். பாட்டியின் அடுத்த கடிதத்தை அவனே படிக்கட்டும்.