சத்தம் வராத பேபி மானிட்டர்

பேபி மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை மீட்டர் எட்டும், இருட்டில் படம் தெரியுமா, தாலாட்டு பாடுமா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இது நின்றுபோனால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள் குறைவு. பக்கத்து அறையிலிருந்து சத்தம் வரவில்லை என்றால் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம். கருவி செத்துப்போயும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத மானிட்டர், படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், நம்பத்தக்கதல்ல. நம்பகமின்மை இந்தக் கருவியோடு கூடப் பிறந்தது. 1932-இல் விமானி லிண்ட்பெர்க்கின் குழந்தை கடத்தப்பட்டது அமெரிக்காவையே உலுக்கியது. அந்தப் பயத்தின் தொடர்ச்சியாக ஜெனித் ரேடியோ நிறுவனத் தலைவர் யூஜின் மெக்டொனால்டின் யோசனையில் 1937-இல் வந்ததுதான் 'ரேடியோ நர்ஸ்'. சிற்பி இசாமு நொகுச்சி அதற்கு அழகான பேக்லைட் கூடு வடிவமைத்தார். ஆனால் அது குழந்தையின் குரலோடு மற்ற வானொலி ஒலிகளையும் இழுத்துக்கொண்டது. கூடு இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. கருவி அன்று வியாபாரத்தில் எடுபடவில்லை.

இன்று கடையில் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, குழந்தை அறையில் ஒரு பெட்டியும் பெற்றோர் கையில் ஒரு பெட்டியுமாக, இன்டர்நெட் இல்லாமல் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்வது. கார்ட்லெஸ் போனில் இருக்கும் 'டெக்ட்' முறை இதில் பரவலானது. இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று ஓயாமல் தொட்டுக்கொண்டிருப்பதால், தொடர்பு அறுந்தவுடன் கையிலுள்ள பெட்டியைக் கத்தவைப்பது சுலபம். இன்னொன்று வைஃபை கேமரா. அதில் கேமரா, ரூட்டர், இணைய இணைப்பு, பல மாடல்களில் நிறுவனத்தின் சர்வர், கடைசியாக போனும் ஆப்பும் என்று சங்கிலி நீள்கிறது. போன் சைலன்ட்டில் இருந்தாலும், பேட்டரியை மிச்சப்படுத்த போனே ஆப்பை மூடிவிட்டாலும், அம்மாவுக்குக் கிடைப்பது அதே நிசப்தம்தான். கரண்ட் கட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பல வீடுகளில் இன்வெர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் மட்டுமே. ரூட்டர் செருகியிருக்கும் பிளக் பாயின்டுக்கு இருக்காது. எனவே எந்த மாடலை வாங்கினாலும் முதல் நாளே குழந்தை அறையிலுள்ள கருவியின் அடாப்டரைப் பிடுங்கிப் பாருங்கள். அதற்குள் பேட்டரி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். சிறிது நேரத்தில் உங்கள் கையிலுள்ளது சத்தம் போட வேண்டும். போடாவிட்டால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கொடுத்துவிடுவது நல்லது.

வேலைக்குப் போகும் தாய்க்கு, ஆபீஸிலிருந்தே குழந்தையைப் பார்க்க வைஃபை கேமராதானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான தேவைதான். ஆனால் அது குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் பெரியவர் வீட்டில் இருக்கும்போது எழும் தேவை; ராத்திரிக் காவலுக்கு அதையே நம்புவது வேறு சங்கதி. தவிர, வெளியிலிருந்து நாம் பார்க்கும் வழியில் பிறரும் நுழையலாம். 2013-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் யாரோ ஒருவன் கேமராவுக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து ஆபாசமாகக் கத்தினான். 2015-இல் ரேபிட்7 என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒன்பது பேபி மானிட்டர்களைச் சோதித்து, எட்டுக்குத் தோல்வி மதிப்பெண்ணே போட்டது. பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல், எல்லாருக்கும் தெரிந்த பொதுப் பாஸ்வேர்டோடு இத்தகைய கருவிகளை விற்பதையே சட்டத்தால் தடுத்துவிட்டது. வைஃபைதான் வேண்டுமென்றால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இரண்டடுக்கு உறுதிப்படுத்தல் இருக்கும் ஆப்பாகப் பாருங்கள், எத்தனை ஆண்டுக்கு அப்டேட் தருவார்கள் என்று விசாரியுங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கில் அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதிலே இருக்காது.

மூச்சையும் இதயத்துடிப்பையும் ஆக்சிஜனையும் அளக்கும் காலுறை, மெத்தைக்கு அடியில் வைக்கும் தகடு ஆகியவைதான் விலையைப் பல மடங்கு ஏற்றுகின்றன. அதிகம் அளந்தால் அதிகப் பாதுகாப்பு என்று தோன்றுவது இயல்பு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 1,079 குழந்தைகளை வீட்டிலேயே மானிட்டர் வைத்துக் கவனித்தது. மாதம் நிறைந்து பிறந்த ஆரோக்கியமான குழந்தைகளிடமும் அலாரம் அடிக்கத்தக்க மூச்சுத் தடங்கலும் துடிப்புக் குறைவும் சாதாரணமாகவே காணப்பட்டன. 2018-இல் கடையில் விற்ற இரண்டு கருவிகளை மருத்துவமனைக் கருவியோடு ஒப்பிட்டபோது, ஒன்று ஆக்சிஜன் குறைவை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. திடீர் சிசு மரணத்தைத் தடுக்க இவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022 வழிகாட்டலிலும் சொல்கிறது. சில கருவிகளுக்கு அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் அனுமதி தந்தது உண்மை. ஆனால் அந்த அனுமதியை, இது உயிரைக் காக்கும் என்ற உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது. குறைமாதக் குழந்தைக்கோ இதயக் கோளாறுள்ள குழந்தைக்கோ கண்காணிப்பு தேவையென்றால் மருத்துவர் சொல்லும் கருவியே சரி. மற்ற வீடுகளில் காரணமில்லாமல் மூன்று ராத்திரி அலறிய அலாரத்தை நாலாவது ராத்திரி யாராவது அணைத்துவிடுவார்கள். நின்றுபோனதைச் சொல்லாத கருவி, தேவையில்லாமல் கத்தும் கருவி, இரண்டும் கடைசியில் ஒன்றுதான்.

நம் வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு, குழந்தை அம்மா பக்கத்தில்தானே படுக்கிறது என்பார்கள் பாட்டிமார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. அந்த மருத்துவக் கழகமும் முதல் ஆறு மாதமாவது பெற்றோர் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில், குழந்தை தூங்கட்டும் என்கிறது. அப்படியானால் மானிட்டருக்கு மிஞ்சும் வேலை பகல் தூக்கமும் மாடி வீடும்தான். அதற்கு நல்ல ஆடியோ மானிட்டரே போதும். தூளிக்குள் கிடக்கும் குழந்தைக்கு மெத்தைத் தகடு எதற்கும் உதவாது, கேமராவில் தெரிவதும் சேலைத் துணி மட்டுமே என்பதைக் கடைக்காரர்கள் ஏனோ சொல்வதில்லை.

வாங்கிய பின் கவனிக்க வேண்டியது ஒயர். 2011-இல் அமெரிக்காவில் 17 லட்சம் வீடியோ மானிட்டர்களுக்கு 'ரீகால்' அறிவிக்கப்பட்டது. அவற்றின் ஒயர் கழுத்தில் சுற்றி இரண்டு குழந்தைகள் இறந்திருந்தார்கள். தொட்டிலிலிருந்து மூன்றடிக்குள் எந்த ஒயரும் இருக்கக் கூடாது. வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. அமெரிக்காவிலிருந்து சித்தப்பாவோ மாமாவோ வாங்கி வருவதாகச் சொன்னால், டெக்ட் வகை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்நாட்டு டெக்ட் இயங்கும் 1920–1930 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியாவில் செல்போன்களுக்கு ஒதுக்கப்பட்டது.