இரண்டாவது டிக்கைப் போடுவது யார்?

எட்டாம் வகுப்பு மாணவர்களை ஹைடெக் ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். கணினிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புகொள்கின்றன என்று பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் கேட்டான்: "மிஸ், வாட்ஸ்அப்ல முதல்ல ஒரு டிக் வருது, அப்புறம் ரெண்டாவது டிக் வருது. அந்த ரெண்டாவது டிக்கை யாரு மிஸ் போடுறாங்க?"

"செய்தி யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ, அவங்க ஃபோன் அனுப்புற பதில்தான் அது" என்றேன். "புரிஞ்சுதா?" என்று கேட்டேன். "புரிஞ்சுது மிஸ்" என்று நாற்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மணி அடித்துவிட்டது.

பதில் சரிதான். ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. ஏனென்றால் அந்தப் பதிலின் அருமையை நான் ஒரு தவறு செய்த பிறகே உணர்ந்தேன்.

பீரோ அளவில் ஒரு மினி கணினி

1999-ஆம் ஆண்டு, பட்டப்படிப்பு முடிந்த கோடையில் சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இரண்டு மாதப் பயிற்சி கிடைத்தது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய் வருவேன். அங்கே வேக்ஸ் வகைக் கணினி ஒன்று ஓய்வுபெறும் வயதில் இருந்தது. பீரோ அளவில் இருந்த அதை 'மினி கணினி' என்றார்கள். ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் மெயின்ஃப்ரேமோடு ஒப்பிட்டால் அது மினிதான். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1977-இல் வேக்ஸ் வரிசையை அறிமுகப்படுத்தியது. நம் நாட்டிலும் ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனம் 1970-களில் டிடிசி-312, டிடிசி-316 என்ற மினி கணினிகளைத் தயாரித்தது.

இவற்றில் கணக்கிடும் கணினி ஒன்றுதான். அதைப் பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு திரையும் விசைப்பலகையும் மட்டும் இருக்கும். அதற்கு டெர்மினல் என்று பெயர். ரயில் முன்பதிவுக் கவுண்டரில் நாம் பார்த்ததும் இந்த ஏற்பாட்டைத்தான். 1980-களின் நடுவில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு வேக்ஸ் கணினிகளில்தான் ஓடியது. பின்னர் 'கான்சர்ட்' என்ற மென்பொருள் வந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் அதன் வழியே 1999 ஏப்ரலில் ஒன்றாக இணைந்தன. தாம்பரம் கவுண்டரில் இருந்தவர் தட்டிய எழுத்துகள் வேறோர் இடத்தில் இருந்த கணினிக்குப் போய், பதில் அவர் திரைக்குத் திரும்பி வந்தது.

ஒரு வரி காணாமல் போனது

எனக்குக் கொடுத்த வேலை எளிதானது. வேக்ஸில் இருந்த அளவீட்டுக் கோப்பு ஒன்றை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்து வரைபடம் வரைய வேண்டும். இரண்டையும் இணைத்தது ஒரு சீரியல் கேபிள். நான் குறுக்குவழியில் போனேன். வேக்ஸின் கோப்பைத் திரையில் ஓடவிட்டு, திரையில் வந்த எழுத்துகளை மேசைக் கணினியில் அப்படியே சேமித்தேன். நானூறு வரிகளும் ஓடி முடிந்தன. "அனுப்பிவிட்டேன் சார்" என்று வழிகாட்டியிடம் சொன்னேன்.

மூன்று நாள் கழித்து அவர் வரைபடத்தில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரு வரி வரவில்லை, இன்னொரு வரியில் ஓர் இலக்கம் மாறியிருந்தது. நான் அனுப்பியது உண்மைதான். வந்து சேர்ந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. அவர் திட்டவில்லை. "கெர்மிட்டைப் பயன்படுத்தும்மா" என்று மட்டும் சொன்னார்.

கெர்மிட் என்ன செய்தது?

கெர்மிட்டை உருவாக்கியவர்கள் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகக் கணினி மையத்தின் ஃபிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் ஆகியோர். ஆண்டு 1981. அங்கே மாணவர்களின் கோப்புகளை வைக்கப் பெரிய கணினியில் இடம் போதவில்லை. அவற்றைச் சிறு கணினியின் ஃபிளாப்பிக்கு மாற்றப் பிழையில்லாத ஒரு வழி வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் வந்த பொம்மைத் தவளையின் பெயரை அதற்கு வைத்தார்கள். உருவாக்கியதைத் தங்களுக்குள் வைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் கொடுத்தார்கள். அதனால் உலகெங்கும் பலர் தத்தம் கணினிக்கு ஏற்ற கெர்மிட்டை எழுதினார்கள்.

பயன்படுத்தும் முறை இதுதான். மேசைக் கணினியில் கெர்மிட்டைத் திறந்து, கேபிளின் வேகத்தைக் குறித்து, 'கனெக்ட்' என்று கொடுத்தால் அது வேக்ஸின் டெர்மினலாக மாறிவிடும். வேக்ஸுக்குள் நுழைந்து அங்கேயும் கெர்மிட்டை இயக்கி, 'செண்ட்' என்று கோப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். பிறகு மேசைக் கணினிக்குத் திரும்பி 'ரிசீவ்' என்று சொல்ல வேண்டும். அதன்பின் இரு கெர்மிட்களும் தமக்குள் பேசிக்கொள்ளும்.

கோப்பை மொத்தமாக அனுப்பாமல், நூறு எழுத்துகளுக்கும் குறைவான சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்பும். ஒவ்வொரு பொட்டலத்திலும் தொடக்கக் குறி, நீளம், வரிசை எண், வகை, உள்ளடக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து ஆகியவை இருக்கும். சரிபார்ப்பு எழுத்து என்பது எழுத்துகளின் எண் மதிப்புகளைக் கூட்டிச் சுருக்கியது. பெறும் கணினி தானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும். விடை ஒத்துப்போனால் 'கிடைத்தது' என்று பதில் போகும், இல்லையென்றால் 'மறுபடி அனுப்பு' என்று போகும். பதில் வரும்வரை அடுத்த பொட்டலம் கிளம்பாது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. டெர்மினல் இணைப்பில் சில குறிகளைக் கணினி கட்டளையாக எடுத்துக்கொள்ளும். உதாரணமாக, 3 என்ற மதிப்புடைய குறி பல கணினிகளில் ஓடும் வேலையையே நிறுத்திவிடும். கெர்மிட் அதனோடு 64-ஐக் கூட்டி 67 ஆக்கி, முன்னால் ஒரு '#' வைத்து அனுப்பும். மறுமுனையில் 64-ஐக் கழித்துப் பழையபடி ஆக்கிக்கொள்ளும்.

வகுப்பறையில் பொட்டல விளையாட்டு

அந்த மாணவனின் கேள்விக்கு அடுத்த வாரம் முழுமையாகப் பதில் சொன்னேன். தேவைப்பட்டவை காகிதச் சீட்டுகள் மட்டுமே. ஆரம்ப வகுப்புகளில் சிறிய எண்களோடும் இதைச் செய்யலாம்.

ஒருவர் அனுப்புபவர், ஒருவர் பெறுபவர், நடுவில் ஒருவர் 'இரைச்சல்'. சீட்டில் வரிசை எண், செய்தி, இலக்கங்களின் கூட்டுத்தொகை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். இரைச்சல் விரும்பினால் செய்தியில் ஓர் இலக்கத்தை மாற்றலாம், அல்லது சீட்டையே ஒளித்துவைக்கலாம். பெறுபவர் தானே கூட்டிப் பார்த்து, 'சரி' அல்லது 'மறுபடி' என்ற சீட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும். பத்து எண்ணுவதற்குள் பதில் வராவிட்டால் அனுப்புபவர் அதே சீட்டை மீண்டும் அனுப்பலாம்.

எங்கள் பின்கோடு 600045-ஐ அனுப்பினோம். கூட்டுத்தொகை 15. இரைச்சல் 4-ஐ 7 ஆக்கியதும் கூட்டுத்தொகை 18 ஆனது, பிடிபட்டது. பிறகு ஒரு மாணவி தந்திரமாகக் கடைசி இரண்டு இலக்கங்களையும் இடம் மாற்றினாள். 600054. கூட்டுத்தொகை அதே 15! பெறுபவன் 'சரி' என்று அனுப்பிவிட்டான். 600054 ஆவடியின் பின்கோடு. தாம்பரத்துக் கடிதம் ஆவடிக்குப் போய்விட்டது என்று வகுப்பே சிரித்தது.

"இதை எப்படிப் பிடிப்பது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். "எந்த இடத்துல இருக்குன்னும் சேர்த்துக்கணும் மிஸ்" என்றாள் ஒருத்தி. ஒவ்வோர் இலக்கத்தையும் அதன் இட எண்ணால் பெருக்கிக் கூட்டினோம். தாம்பரத்துக்கு 6+20+30=56. ஆவடிக்கு 6+25+24=55. இப்போது பிடிபட்டது. கெர்மிட்டிலும் எளிய கூட்டலோடு, இடமாற்றத்தையும் கண்டுபிடிக்கும் வலுவான சரிபார்ப்பு முறை ஒன்று உண்டு என்று சொன்னேன்.

வரிசை எண் எதற்கு என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள். இரைச்சல் ஒருமுறை 'சரி' சீட்டை ஒளித்துவைத்தது. அனுப்புபவன் பத்து எண்ணிவிட்டு அதே செய்தியை மறுபடி அனுப்பினான். பெறுபவன் எண்ணைப் பார்த்து, "இது ஏற்கெனவே வந்துடுச்சு" என்று சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, மீண்டும் 'சரி' அனுப்பினான்.

மேசைமேல் ஒரு சீட்டு

விளையாட்டோடு இது முடியவில்லை. அதே வாரம் பின்னங்களின் வகுத்தல் நடத்திக்கொண்டிருந்தேன். "புரிஞ்சுதா?" என்றதும் வழக்கம்போல் "புரிஞ்சுது மிஸ்" என்ற குரல் எழுந்தது. வகுப்பு முடிந்து பார்த்தால் என் மேசையில் ஒரு சீட்டு கிடந்தது. 'மறுபடி' என்று எழுதியிருந்தது. எல்லாரோடும் சேர்ந்து "புரிஞ்சுது" என்று சொல்லும் ஒரு மாணவியின் கையெழுத்து. உட்காரவைத்து விசாரித்தபோது தெரிந்தது, அவளுக்கு வகுத்தல் அல்ல, போன வருடத்துப் பெருக்கலே வந்து சேர்ந்திருக்கவில்லை. இத்தனை நாளும் நான் அடுத்தடுத்த பொட்டலங்களை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

நாற்பது பேர் ஒரே குரலில் சொல்வது வெறும் ஓசைதான், சரிபார்ப்பு ஆகாது. பெறுபவர் தானே கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் அது பதில். இப்போது "புரிஞ்சுதா?" என்று கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சிறு பகுதிக்குப் பிறகும் ஒரே ஒரு கணக்கைச் சீட்டில் போடச் சொல்கிறேன். இரண்டு நிமிடம் ஆகிறது. போட முடியாதவர்கள் 'மறுபடி' என்று எழுதலாம், அதற்காக யாரும் திட்டு வாங்குவதில்லை. கெர்மிட்டும் 'மறுபடி' கேட்ட கணினியைக் கோபித்துக்கொண்டதில்லை. அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்பியது, அவ்வளவுதான்.

அந்த மாணவியோடு பெருக்கலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். நேற்று அவள் கொடுத்த சீட்டில் கணக்கும் இருந்தது, ஓரத்தில் பேனாவால் போட்ட இரண்டு டிக்குகளும் இருந்தன.