கிணற்று நீரும் ஆய்வுக்கூடமும்

பாலாற்றங்கரை ஊர்களில் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்ப்போர், "உப்பேறிவிட்டது" என்று உடனே கூறிவிடுவர். நாவின் தீர்ப்பு பெரும்பாலும் பிழைபடுவதில்லை. ஆயின், அந்நீரில் குரோமியம் கலந்துள்ளதா, கலந்திருப்பின் எவ்வகை, எவ்வளவு என்பவற்றை நா அறியாது. அவற்றை அறிவிக்க வல்லது ஆய்வுக்கூடமேயாகும்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஆகிய ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வாழ்வு பெற்றவை. அத்தொழிலின் கழிவுநீரால் நல்ல கிணறுகளை இழந்தவையும் அவையே. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 28.8.1996 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழில் நிகழும் மற்றொரு பகுதியான திண்டுக்கல் வட்டாரத்தின் 13 சிற்றூர்களில் 467 கிணறுகளுள் 350 மாசுற்றதாகக் கண்ட கணக்கெடுப்பை எடுத்துக்காட்டிற்று. நம் பெரியோர் பலர் இத்தொழிலால் குடும்பம் வளர்த்தவர்கள். ஆயினும் இவ்வுண்மையை மறைத்துப் பேசுவது தொழிலுக்கே நன்மை தராது.

பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிடுகின்றனர். தோலை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வுப்பு நீரோடு வெளியேறுகின்றது. இதன் குளோரைடை அளப்பது எளிது. மாதிரி நீரில் பொட்டாசியம் குரோமேட்டுச் சில துளிகள் இட்டு, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால், குளோரைடு முழுதும் வீழ்படிவான பின்னர்ச் செங்கல் நிறம் தோன்றும். (மாசினை அளக்க வந்த குரோமேட்டும் ஒரு நஞ்சே என்பதை மாணவர் மறவாது, அந்நீரைத் தொட்டியில் கொட்டாதிருப்பாராக!)

குரோமியத்தின் நிலை வேறு. பதனிடுவதற்குப் பயன்படுவது மூன்று இணைதிறன் கொண்டது. ஆறு இணைதிறன் கொண்டதோ நச்சு மிகுந்தது. எளிதில் கரைந்து நிலத்தடியில் பரவ வல்லது. அமிலமாக்கிய நீரில் டைஃபீனைல் கார்பசைடு சேர்த்தால் இவ்விரண்டாம் வகை செவ்வூதா நிறம் காட்டும். அந்நிறத்தின் செறிவை 540 நானோமீட்டர் ஒளியில் ஒளிமானி அளக்கும். முதல் வகை இச்சோதனைக்கு அகப்படாது. ஆதலின், "ஆறு இணைதிறன் குரோமியம் இல்லை" என்னும் அறிக்கையைக் "குரோமியமே இல்லை" என்று படிப்பது பெரும்பிழை. குடிநீருக்கு இந்தியத் தர நிறுவனம் வகுத்த வரம்பு மொத்தக் குரோமியத்தையே குறிக்கும்: லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதாவது, பத்து இலட்சம் லிட்டரில் 50 கிராம்.

காற்றின் ஆய்வும் இவ்வாறே நுண்ணியது. குறித்த அளவு காற்றை வடிதாளின் வழியே 24 மணி நேரம் இழுத்து, தாளின் எடை எவ்வளவு கூடிற்று என்று நிறுத்துப் பார்ப்பர்.

எனினும், எத்துணை உயர்ந்த கருவியாயினும் தன்னிடம் வந்த புட்டியையே அளக்கும், கிணற்றையன்று. மொத்தக் குரோமியத்திற்கான மாதிரியில் நைட்ரிக் அமிலம் சேர்க்காவிடின், உலோகம் புட்டியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆறு இணைதிறன் வகைக்கான மாதிரியில் அமிலத்தைச் சேர்த்து வைத்தாலோ, அது முதல் வகையாக மாறிவிடக்கூடும். எனவே ஒரே கிணற்றுக்கு இரு புட்டிகள் வேண்டும். பெருமழைக்கு மறுநாள் எடுத்த நீரும் கோடையில் எடுத்த நீரும் ஒரே எண்ணைத் தாரா.

இத்தகைய ஐயங்கள் வழக்காடு மன்றம் வரை செல்லக்கூடும் என்பதை எண்ணியே, 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஆலைக் கழிவுநீர் மாதிரியை இரு பகுதியாக்கி, முத்திரையிட்டு, எடுப்பவரும் ஆலையாரும் கையொப்பமிட வழி செய்துள்ளது. வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டு செல்வோரும் நாள், நேரம், கிணற்றின் ஆழம், இறுதியாக மழை பெய்த நாள் ஆகியவற்றைப் புட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிடலாம். அதற்கு ஒரு துண்டுத்தாள் போதும்.